ஸ்டோக்ஸ் கணக்கு தப்பினால் எங்கே பார்ப்பது: பெரிய அலகுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஒரு பாய்மம் தன் எடையால் ஓடும்போது காட்டும் கெட்டித்தன்மைதான் இயக்கப் பாகுநிலை, அதன் அலகு ஸ்டோக்ஸ். அலகு மாற்றும் செயலிகளில் இயக்கப் பாகுநிலைப் பகுதியைத் திறந்தால் எக்ஸாஸ்டோக்ஸ், பெட்டாஸ்டோக்ஸ், டெராஸ்டோக்ஸ் என்று வரிசையாக இறங்கும். அந்த அலகில் எண்ணெய் வாங்கியவர் குமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழி முதல் கொல்லங்கோடு வரை ஒருவர்கூட இருக்க மாட்டார். ஆனாலும் பட்டியலில் விரல் ஒரு வரி தவறினால் போதும். காற்றாலை கியர்பாக்ஸ் எண்ணெய்க்கு 320 சென்டிஸ்டோக்ஸ் என்று வரவேண்டிய இடத்தில் பூஜ்யங்கள் தோரணம் கட்டித் தொங்கும். அல்லது வெறும் 0 வந்து நிற்கும்.

இப்படி வரும் தப்புகளில் ஒரு வசதி உண்டு. தப்பு எத்தனை மடங்கு என்று தெரிந்தால், அது எங்கே நடந்தது என்றும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஆகவே கணக்கை முதலிலிருந்து போடாதீர்கள். வந்த விடையை, வந்திருக்க வேண்டிய உத்தேச விடையால் வகுங்கள். அந்த விகிதம்தான் அறிகுறி. கீழே உள்ளதெல்லாம் அந்த விகிதத்தை வைத்துத் தேடும் முறை.

தேடும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

1 ஸ்டோக்ஸ் = 1 செமீ²/வி. 1 சென்டிஸ்டோக்ஸ் = 1 மிமீ²/வி. 1 மீ²/வி = 10,000 ஸ்டோக்ஸ் = 10 லட்சம் சென்டிஸ்டோக்ஸ். இந்த மூன்றும் தோராயம் இல்லாத துல்லியச் சமன்பாடுகள்.

பெரிய அலகுகளுக்கு ஒரே விதி: முன்னொட்டின் அடுக்கிலிருந்து 4 கழித்தால் மீ²/வி. கிலோஸ்டோக்ஸ் 10³ ஸ்டோக்ஸ், ஆகவே 10⁻¹, அதாவது 0.1 மீ²/வி. மெகாஸ்டோக்ஸ் 10⁶, ஆகவே 100 மீ²/வி. கிகாஸ்டோக்ஸ் 10⁵ மீ²/வி, டெராஸ்டோக்ஸ் 10⁸ மீ²/வி, பெட்டாஸ்டோக்ஸ் 10¹¹ மீ²/வி, எக்ஸாஸ்டோக்ஸ் 10¹⁴ மீ²/வி. சென்டிஸ்டோக்ஸுக்கு மாற்றும்போது கழிக்க வேண்டாம், 2 கூட்ட வேண்டும். எக்ஸாஸ்டோக்ஸ் என்றால் 10²⁰ சென்டிஸ்டோக்ஸ்.

உத்தேச விடை எங்கிருந்து வரும்? இந்த ஏணியிலிருந்து. 20 டிகிரி செல்சியஸில் தண்ணீர் 1 சென்டிஸ்டோக்ஸ், நம்மூர் வெயிலுக்கு 30 டிகிரி என்று வைத்தால் 0.8. தேங்காய் எண்ணெய் 40 டிகிரியில் சுமார் 27. விஜி 320 (விஜி என்பது பாகுநிலை வகுப்பு) கியர் எண்ணெய் அதே வெப்பநிலையில் 320. மார்த்தாண்டம் தேன் ஈரப்பதத்தையும் வெயிலையும் பொறுத்து ஆயிரக்கணக்கில் இருக்கும். சாலைத் தார் 60 டிகிரியில் லட்சக்கணக்கில் போகும். காற்று மட்டும் ஏமாற்றும். அது சுமார் 15 சென்டிஸ்டோக்ஸ், அதாவது தண்ணீரைவிட அதிகம். இயக்கப் பாகுநிலை என்பது பாகுநிலையை அடர்த்தியால் வகுத்தது. காற்றின் பாகுநிலை குறைவுதான், அடர்த்தி அதைவிடவும் குறைவு. காற்றுக்கு 15 வந்ததே என்று சரியான கணக்கை அழித்துவிடாதீர்கள்.

அறிகுறி: விடை 10,000 மடங்கு கூடியோ குறைந்தோ வருகிறது

மீ²/வி என்பதும் ஸ்டோக்ஸும் இடம் மாறியிருக்கின்றன. இன்றைய எஸ்ஐ முறை அலகு எது, சென்டிமீட்டர்-கிராம்-விநாடி என்ற பழைய சிஜிஎஸ் முறை அலகு எது என்று பார்க்காமல் செயலியின் முதல் பெட்டியில் வந்து நின்ற அலகை அப்படியே விட்டால் இதுதான் நடக்கும். பெரும்பாலும் முதல் பெட்டியில் நிற்பது மீ²/வி. 320 சென்டிஸ்டோக்ஸை 3.2 ஸ்டோக்ஸ் என்று சரியாக மாற்றிவிட்டு, அந்த 3.2-ஐ மீ²/வி பெட்டியில் போட்டால் கியர் எண்ணெய் 32,000 ஸ்டோக்ஸ் ஆகிவிடும். 60 டிகிரித் தார்கூட அவ்வளவு இறுகி இருப்பதில்லை.

10,000-க்குப் பதில் 10 லட்சம் மடங்கு வந்தால் இதே தப்புதான், ஸ்டோக்ஸுக்குப் பதில் சென்டிஸ்டோக்ஸ் மாறியிருக்கிறது.

அறிகுறி: பெரிய அலகுக்குப் போகப் போகத் தப்பும் பெரிதாகிறது

பலரும் சறுக்கும் படி இது. நன்றாகக் கணக்குத் தெரிந்தவர்களும் இதிலிருந்து தப்பிப்பதில்லை.

முன்னொட்டு ஸ்டோக்ஸின் தலையில் உட்கார்ந்தால் ஒரு தடவைதான் பெருக்கும். கிலோஸ்டோக்ஸ் ஆயிரம் ஸ்டோக்ஸ், அவ்வளவுதான். அதே முன்னொட்டு மீட்டரின் தலையில் உட்கார்ந்தால் மீட்டரோடு சேர்ந்து அதுவும் வர்க்கமாகும். கிமீ²/வி என்பது ஆயிரம் மீ²/வி அல்ல, பத்து லட்சம் மீ²/வி. ஸ்டோக்ஸில் சொன்னால் 10¹⁰, அதாவது 10 கிகாஸ்டோக்ஸ். மிமீ²/வி என்பது 10⁻⁶ மீ²/வி ஆனதும் இதே காரணத்தால்தான். மில்லிக்கு 10⁻³, வர்க்கமானதும் 10⁻⁶.

சோதனை இப்படி. தப்பு விகிதத்தின் அடுக்கு, நீங்கள் பயன்படுத்திய முன்னொட்டின் அடுக்குக்குச் சமமா என்று பாருங்கள். கிலோவில் 10³ தப்பு, மெகாவில் 10⁶ தப்பு, கிகாவில் 10⁹ தப்பு என்று ஏறிக்கொண்டே போனால் வர்க்கம் விடுபட்டிருக்கிறது, அல்லது வேண்டாத இடத்தில் வர்க்கம் போட்டிருக்கிறது. சரிசெய்ய, முன்னொட்டை அடுக்காக எழுதி அடைப்புக்குள் வைத்து வர்க்கம் போடுங்கள்: கிமீ² = (10³ மீ)² = 10⁶ மீ². அடைப்பு போடச் சோம்பல்பட்டால் இந்தத் தப்பு மறுபடி வரும்.

எக்செல்லில் அலகு மாற்றும் செயற்கூறு இருக்கிறது, அதில் பாகுநிலை என்ற பிரிவு கிடையாது. ஆனால் இயக்கப் பாகுநிலையில் மேலே இருப்பது பரப்பு, கீழே இருப்பது நேரம். நேரம் இரு பக்கமும் விநாடியாகவே இருந்தால் பரப்பு மாற்றம் மட்டும் போதும். சதுர அடியிலிருந்து சதுர மீட்டருக்கு அந்தச் செயற்கூறே மாற்றிக் கொடுத்துவிடும்.

அறிகுறி: சரியாக 10⁹ அல்லது சரியாக 1000 மடங்கு

10⁹ என்றால் சின்ன எம்மும் பெரிய எம்மும். சின்ன எழுத்து மில்லி, பெரிய எழுத்து மெகா, இடையில் நூறு கோடி மடங்கு. கைபேசியில் தட்டும்போது வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் வசதி இருக்கிறதே, அது இந்த விஷயத்தில் எதிரி. அளவைப் பகிரும்போது அலகை எழுத்தில் முழுதாக, ‘மில்லிஸ்டோக்ஸ்’, ‘மெகாஸ்டோக்ஸ்’ என்று எழுதுங்கள்.

பெரிய பி-யும் இப்படித்தான். ஸ்டோக்ஸுக்கு முன்னால் வந்தால் பெட்டா, தனியாக நின்றால் பாய்ஸ், அதாவது அடர்த்தியால் வகுக்காத பாகுநிலையின் அலகு. பெரிய ஈ என்பது எக்ஸாவும் ஆகும், எண்ணுக்கு நடுவில் வந்தால் ‘பத்தின் அடுக்கு’ என்றும் ஆகும். 5ஈ என்று எழுதியதை ஒரு நிரல் எக்ஸா என்று எடுக்கும், இன்னொன்று அரைகுறையான எண் என்று தள்ளிவிடும். சென்டிஸ்டோக்ஸின் மூன்றெழுத்துச் சுருக்கத்தை முழுப் பெரிய எழுத்தில் அடித்தால், 2017-க்கு முந்தைய ரசீது பார்த்தவர்களுக்கு மத்திய விற்பனை வரிதான் ஞாபகம் வரும். அலகுக்கு முதல் எழுத்து சின்னது, நடு எழுத்து பெரியது, கடைசி சின்னது.

1000 மடங்கு என்றால் பக்கத்துப் படி மாறியிருக்கிறது: எக்ஸாவுக்குப் பெட்டா, பெட்டாவுக்கு டெரா. அல்லது மைக்ரோவுக்கான கிரேக்க எழுத்து அச்சில் சாதாரண எம் ஆகிவிட்டது. ஜெர்மன் ஆவணம் கையில் இருந்தால் மூன்றாவது வழியும் உண்டு. அவர்களுடைய ‘பில்லியோன்’ 10¹², நாம் பள்ளியில் படித்த பில்லியன் 10⁹. நம் கணக்கில் பில்லியன் நூறு கோடி, ஜெர்மன் சொல் லட்சம் கோடி.

அறிகுறி: 100 மடங்கு

பெரும்பாலும் ஸ்டோக்ஸும் சென்டிஸ்டோக்ஸும். சில சமயம் டெசிஸ்டோக்ஸும் டெக்காஸ்டோக்ஸும், இவற்றுக்கும் இடைவெளி நூறுதான்.

கல்லூரி ஆய்வகத்தில் ரெட்வுட் விஸ்கோமீட்டர் வைத்து அளப்பவர்களுக்கு இது வேறு வழியாக வரும். எண்ணெய் கருவியின் சிறு துளை வழியே ஓடி முடிய ஆன விநாடியை வைத்து, ஒரு எண்ணால் பெருக்கி, இன்னொரு எண்ணை விநாடியால் வகுத்துக் கழிப்பார்கள். பெருக்கும் எண் 0.26 என்று தொடங்கினால் விடை சென்டிஸ்டோக்ஸ். 0.0026 என்று தொடங்கினால் விடை ஸ்டோக்ஸ். 100 விநாடிக்குப் போட்டுப் பாருங்கள். 0.26 × 100 − 172 ÷ 100 = 24.28 சென்டிஸ்டோக்ஸ். 0.0026 × 100 − 1.72 ÷ 100 = 0.2428 ஸ்டோக்ஸ். இரண்டும் ஒன்றே. சூத்திரத்தை ஒரு கையேட்டிலிருந்தும், அலகை இன்னொரு கையேட்டிலிருந்தும் எடுத்தால்தான் நூறு மடங்கு தப்பும். பெருக்கும் எண்ணை ஒரு சூத்திரத்திலிருந்தும் கழிக்கும் எண்ணை மற்றதிலிருந்தும் எடுத்தால் விகிதம் நேரத்துக்கு நேரம் மாறும், அப்போது மடங்கை வைத்துப் பிடிக்க முடியாது. இந்த எண்கள் விநாடி எல்லையைப் பொறுத்தும் மாறுபவை. உங்கள் கருவிக்கான கையேட்டில் அந்த எல்லைக்குத் தந்த சோடியையே எடுங்கள்.

அறிகுறி: 10 அல்லது 1000 மடங்கு, கணக்கில் அடர்த்தியும் வந்திருக்கிறது

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் செறிவாக்கும் இடங்களில் சுழல் விஸ்கோமீட்டர் காட்டுவது சென்டிபாய்ஸ். அது பாகுநிலை, இயக்கப் பாகுநிலை அல்ல. இரண்டுக்கும் நடுவில் அடர்த்தி நிற்கிறது. 60 சதவீத உலர் ரப்பர் உள்ள பாலின் அடர்த்தி சுமார் 0.94 கிராம்/கசெமீ (கன சென்டிமீட்டர்). கருவி 90 சென்டிபாய்ஸ் காட்டினால் 90 ÷ 0.94 = 95.7 சென்டிஸ்டோக்ஸ்.

இங்கே மூன்று சோடி மட்டும் பொருந்தும்:

சென்டிபாய்ஸை கிராம்/கசெமீ-ஆல் வகுத்தால் சென்டிஸ்டோக்ஸ்.
பாய்ஸை கிராம்/கசெமீ-ஆல் வகுத்தால் ஸ்டோக்ஸ்.
பாகுநிலையின் எஸ்ஐ அலகான பாஸ்கல்-விநாடியை கிகி/கமீ-ஆல் (கமீ என்பது கன மீட்டர்) வகுத்தால் மீ²/வி.

சென்டிபாய்ஸை 940-ஆல் வகுத்து சென்டிஸ்டோக்ஸ் என்று எழுதினால் ஆயிரம் மடங்கு குறையும். பாஸ்கல்-விநாடியை 0.94-ஆல் வகுத்து மீ²/வி என்று எழுதினால் ஆயிரம் மடங்கு கூடும். பாய்ஸைப் பாஸ்கல்-விநாடி என்று நினைத்து 940-ஆல் வகுத்தால் பத்து மடங்கு கூடும், ஏனென்றால் 1 பாஸ்கல்-விநாடி 10 பாய்ஸ்.

அடர்த்தியால் வகுக்கவே மறந்துவிட்டால் தப்பு சின்னது, ஆகையால் கண்ணில் படாது. ரப்பர் பாலில் 6 சதவீதம், கியர் எண்ணெயில் சுமார் 12 சதவீதம், தேனில் 1.42 மடங்கு. விஜி 320 எண்ணெய்க்கு அனுமதி 10 சதவீதம் இருபுறமும், அதாவது 288 முதல் 352 வரை. 12 சதவீதத் தப்பு நல்ல எண்ணெயைத் தள்ளவும் வைக்கும், கெட்டதை ஏற்கவும் வைக்கும். கோடி மடங்கு தப்பைச் சிரித்துக்கொண்டே திருத்திவிடலாம், ஆபத்து இந்தப் பன்னிரண்டு சதவீதத்தில்தான் இருக்கிறது.

ரப்பர் பாலுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது கலக்கும் வேகத்தைக் கூட்டினால் இளகும் வகை. சுழல் வேகமும் சுழலும் தண்டின் எண்ணும் எழுதாத அளவை எந்த அலகுக்கு மாற்றினாலும் பயன் இல்லை.

அறிகுறி: மடங்கு பத்தின் அடுக்காக வரவில்லை

மகிழ்ச்சியடையலாம், இவை எளிதில் பிடிபடும்.

10.76 என்றால் சதுர அடியும் சதுர மீட்டரும் மாறியிருக்கின்றன. 3.28 என்றால் அடி-மீட்டர் மாற்றத்தில் வர்க்கம் விட்டுப்போயிருக்கிறது. 2.54 என்றால் அதே தப்பு அங்குலத்தில். சரியான எண்கள்: 1 அடி²/வி = 929.0304 ஸ்டோக்ஸ், 1 அங்குலம்²/வி = 6.4516 ஸ்டோக்ஸ். அமெரிக்கத் தாளில் 0.00344 அடி²/வி என்று இருந்தால் 3.196 ஸ்டோக்ஸ், அது நம் விஜி 320 எண்ணெய்தான். அங்குலத்தில் அதே எண்ணெய் 0.496 அங்குலம்²/வி.

3600 என்றால் மணியும் விநாடியும். 86,400 என்றால் நாள். 3.156 × 10⁷ என்றால் ஆண்டு, இது நிலவியல் கணக்குகளில் வரும். 60 மடங்கு வந்தால் நிமிடம்.

9.81 என்றால் பழைய பொறியியல் புத்தகத்தின் கிலோகிராம்-விசை அலகு இடையில் புகுந்திருக்கிறது. விடை சுமார் பத்து மடங்கு என்று மேலோட்டமாகப் பார்த்து, பாய்ஸ் தப்பு என்று முடிவுகட்டுவது இங்கே நடக்கும். விகிதத்தை மூன்று இலக்கமாவது போட்டுப் பாருங்கள். 10.0, 9.81, 10.76 மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள்.

4.6 என்றால் சேபோல்ட் விநாடியை (எண்ணெய் சேபோல்ட் கருவியின் துளை வழியே ஓடி முடியும் நேரம்) சென்டிஸ்டோக்ஸ் என்று எடுத்திருக்கிறீர்கள். விசைப்படகின் பழைய ஹைட்ராலிக் வின்ச் கையேடுகளில் 1500 சேபோல்ட் விநாடி என்று போட்டிருப்பார்கள். 37.8 டிகிரி செல்சியஸில் அதை 4.632-ஆல் வகுக்க 323.8 சென்டிஸ்டோக்ஸ். கடையில் கேட்க வேண்டியது விஜி 320. 1500 என்ற எண்ணைப் பார்த்து விஜி 1500 தேடிப் போனால் மிகக் கெட்டியான எண்ணெய் வந்து சேரும். இந்த வகுக்கும் எண் சுமார் 75 சென்டிஸ்டோக்ஸுக்கு மேலேதான் பொருந்தும். மெல்லிய எண்ணெய்க்கு அட்டவணையைப் பாருங்கள்.

அறிகுறி: காற்புள்ளி இடம் மாறி நிற்கிறது

ஐரோப்பிய ஆய்வக அறிக்கையில் 321,4 என்று இருந்தால் அது முந்நூற்று இருபத்தொன்று புள்ளி நான்கு. காற்புள்ளியை அழித்தால் 3214, பத்து மடங்கு. முப்பந்தல் பக்கம் நிற்கும் காற்றாலைகளில் டேனிஷ், ஜெர்மன் வடிவமைப்புகள் பல உண்டு. அவற்றின் ஆவணங்களைப் படிக்கும்போது முதலில் ஒரு தசம எண்ணைத் தேடிப்பிடித்து, அவர்கள் புள்ளி வைக்கிறார்களா, காற்புள்ளியா என்று பார்த்துவிடுங்கள்.

நம் ஊர்ப் பழக்கத்தில் இன்னொரு சிக்கல். 10,00,000 என்று நாம் எழுதுவதை மூன்று மூன்றாகப் பிரித்துப் பழகியவர் குழம்புவார். சில நிரல்கள் அதை ஏற்காமல் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். எக்செல்லில் எண் கலத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நின்றால் அது எண்ணாகவே ஏறவில்லை என்று பொருள். காற்புள்ளியால் பிரித்த கோப்பாகச் சேமித்தால் நிலைமை இன்னும் மோசம், 3,2 என்பது இரண்டு கலங்களாக உடைந்துவிடும். பெரிய அலகுகளில் காற்புள்ளியே வேண்டாம், 1 × 10¹⁴ என்று அடுக்காக எழுதினால் எந்த ஊர்க்காரருக்கும் ஒரே பொருள்.

அறிகுறி: விடை 0, அல்லது கழித்தல் குறி, அல்லது விசித்திரமான நீண்ட எண்

0 வந்தால் பெரும்பாலும் கணக்கு சரி, காட்டும் விதம்தான் கோளாறு. 320 சென்டிஸ்டோக்ஸ் என்பது 3.2 × 10⁻¹⁸ எக்ஸாஸ்டோக்ஸ். பத்துத் தசம இடம் காட்டும் பெட்டியில் அது 0.0000000000. கலத்தின் வடிவத்தை அறிவியல் முறைக்கு மாற்றுங்கள், எண் வெளியே வரும். எதிர்ப்பக்கம், எண் பன்னிரண்டு இலக்கத்தைத் தொட்டதும் எக்செல்லின் பொதுவடிவம் தானாகவே 1ஈ+18 மாதிரி எழுத ஆரம்பித்துவிடும். அது பிழைச் செய்தி அல்ல, 10¹⁸ என்பதற்கான எழுத்து.

எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. 12345678901234567890 என்று அடித்தால் 12345678901234500000 என்று நிற்கும். இதற்காக யாரும் பதற வேண்டாம். பாகுநிலையை மூன்று நான்கு இலக்கத் துல்லியத்தில் அளந்துவிட்டு இருபது இலக்கம் எழுதுவதுதான் தப்பு.

சொந்தமாக நிரல் எழுதும் மாணவர்கள் தட்டும் கதவு வேறு. 64 பிட் முழு எண் மாறியில் 9.22 × 10¹⁸ வரைதான் கொள்ளும். 1 எக்ஸாஸ்டோக்ஸை சென்டிஸ்டோக்ஸாக்கினால் 10²⁰. ஜாவாவின் நீள முழு எண்ணில் இந்தப் பெருக்கலைப் போட்டால் 7766279631452241920 என்று வரும். கழித்தல் குறி இல்லாததால் ஏதோ சரியான எண் போலத் தோன்றும், அதுதான் மோசம். அந்த இலக்கங்கள் எங்காவது கண்ணில் பட்டால் நேரே மாறியின் வகையைப் பார்க்கப் போங்கள். 93 பெட்டாஸ்டோக்ஸ் போட்டால் கழித்தல் குறியோடு வரும், அதையாவது உடனே கண்டுபிடிக்கலாம். 92 பெட்டாஸ்டோக்ஸ் சரியாக வரும். ஆகவே சோதனைக்கு 1, 10 என்று சின்ன எண்களை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு நிரல் ஓடுகிறது என்று கொடுக்காதீர்கள், பட்டியலின் உச்சி அலகையும் ஒருமுறை ஓட்டுங்கள். இரட்டைத் துல்லியத் தசம மாறிக்கு (டபுள்) மாற்றினால் தீர்ந்தது, அது 10³⁰⁸ வரை தாங்கும். பைத்தானில் முழு எண்ணுக்கு இந்த வரம்பே இல்லை.

மாற்றியை நம்பலாமா என்று பார்க்க ஒரு சுற்று போதும். ஒரு எண்ணை எக்ஸாவுக்கு ஏற்றி, அங்கிருந்து அடி²/வி-க்கு மாற்றி, மறுபடி சென்டிஸ்டோக்ஸுக்கு இறக்குங்கள். புறப்பட்ட எண்ணே திரும்பி வரவேண்டும். 15-ஆவது இலக்கத்தில் ஒன்றிரண்டு பிசகினால் விட்டுவிடலாம். இந்தச் சோதனையில் ஒரு ஓட்டை உண்டு: போகும்போதும் வரும்போதும் ஒரே தப்பு எண்ணைப் பயன்படுத்தினால் சுற்று சரியாகவே முடியும். அதனால் நடுவில் ஒரு இடத்திலாவது 929.0304 போன்ற தெரிந்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

அறிகுறி: இரண்டு எண்களும் சரி, ஆனால் ஒத்துப்போகவில்லை

அலகில் தேடுவதை நிறுத்தி வெப்பநிலையைப் பாருங்கள். கனிம எண்ணெயாக இருந்தால் விஜி 320 எண்ணெய் 40 டிகிரியில் 320, 100 டிகிரியில் சுமார் 24. விகிதம் 13-ஐ ஒட்டி வரும், எந்த அலகு மாற்றத்திலும் இந்த எண் கிடையாது. 15டபிள்யூ-40 இன்ஜின் எண்ணெயில் இதே விகிதம் ஏழு எட்டு. டப்பாவின் மேல் உள்ள 40 என்ற எண் 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 வரை என்ற வகுப்பின் பெயர், 40 சென்டிஸ்டோக்ஸ் என்ற அளவு அல்ல.

சாலை வேலைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பொறி இருக்கிறது. தாருக்கும் விஜி என்றே பெயர். ஐஎஸ் 73 என்ற இந்தியத் தரத்தில் விஜி-30 தார் 60 டிகிரியில் குறைந்தது 2400 பாய்ஸ், 135 டிகிரியில் குறைந்தது 350 சென்டிஸ்டோக்ஸ் இருக்க வேண்டும். தாரின் அடர்த்தி கிட்டத்தட்ட 1 என்பதால் அந்த 2400 பாய்ஸ் சுமார் 2.4 கிலோஸ்டோக்ஸ், அதாவது 2.4 லட்சம் சென்டிஸ்டோக்ஸ். ஒரே பொருளுக்கு 350-உம் 2,40,000-உம். ஏறக்குறைய 690 மடங்கு, இரண்டும் சரி. ஹைட்ராலிக் எண்ணெயின் விஜி 32 என்பது 40 டிகிரியில் 32 சென்டிஸ்டோக்ஸ். தாரின் 30-க்கும் எண்ணெயின் 32-க்கும் பெயரில் மட்டும்தான் உறவு.

கருப்பட்டி காய்ச்சுபவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்கானி (பதநீர்) பாகாகும்போது பதம் பார்ப்பவர், அடுப்பில் கொதிக்கும் பாகையும் கரண்டியில் ஆறிய பாகையும் ஒன்றாக வைத்து ஒப்பிடுவதில்லை.

அறிகுறி: உண்மையிலேயே பெரிய எண், ஆனால் நம்ப முடியவில்லை

நம்பவேண்டிய இடங்களும் உண்டு. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-இல் தொடங்கிய கீல் (தார் போன்ற பொருள்) சொட்டுச் சோதனையில் கணித்த பாகுநிலை சுமார் 2.3 × 10⁸ பாஸ்கல்-விநாடி. அடர்த்தி 1100 கிகி/கமீ என்று எடுத்தால் 2.1 × 10⁵ மீ²/வி, அதாவது 2.1 கிகாஸ்டோக்ஸ். கண்ணாடி இறுகும் வெப்பநிலையில் 10¹² பாஸ்கல்-விநாடி, அடர்த்தி 2500 என்றால் 4 டெராஸ்டோக்ஸ். பூமியின் மூடகத்துக்கு 10²¹ பாஸ்கல்-விநாடி என்று எடுப்பார்கள். 3300-ஆல் வகுத்தால் 3 × 10¹⁷ மீ²/வி, சுமார் 3000 எக்ஸாஸ்டோக்ஸ். எக்ஸா என்ற படிக்கு உள்ள வாடிக்கையாளர் இதுதான்.

கடல் சம்பந்தப்பட்ட கணக்கு வைத்திருப்பவர்களுக்கு வேறொரு குழப்பம் வரும். கடல்நீரின் இயக்கப் பாகுநிலை 10⁻⁶ மீ²/வி அளவில் இருக்க, நீரோட்ட மாதிரியில் 10⁴ மீ²/வி என்று உள்ளிட்டிருப்பார்கள். ஆயிரம் கோடி மடங்கு வித்தியாசம். மில்லி-மெகா தப்பு என்று நினைத்துத் திருத்தப் போகாதீர்கள். அது சுழல் பாகுநிலை. தண்ணீரின் குணம் அல்ல, மாதிரியின் கட்டங்களுக்குள் அடங்காத சுழிப்புகள் நீரோட்டத்தின் உந்தத்தைக் கடத்துவதைக் கணக்கில் சேர்க்க வைக்கும் எண். கிடைமட்டத்தில் 10² முதல் 10⁵ மீ²/வி வரை வைப்பது வழக்கம், செங்குத்தில் மிகக் குறைவாக இருக்கும். பழைய கடலியல் கட்டுரைகளில் இதைச் செமீ²/வி-யில் எழுதியிருப்பார்கள். அது நேரே ஸ்டோக்ஸ்தான் என்பதால் 10⁸ செமீ²/வி என்றால் 100 மெகாஸ்டோக்ஸ், அதாவது 10⁴ மீ²/வி. வெப்பப் பரவல் எண்ணுக்கும் அலகு மீ²/வி-தான். அலகு பொருந்துகிறது என்பதற்காக அதைக் கொண்டுவந்து பாகுநிலைப் பெட்டியில் போட்டாலும் செயலி முனகாமல் மாற்றிக் கொடுக்கும்.

பதிவேட்டில் எழுதும்போது

எண், அலகு முழுச் சொல்லில், வெப்பநிலை, அளந்த முறை ஆகிய நான்கும் ஒரே வரியில் இருக்கட்டும். அடர்த்தியால் வகுத்துப் பெற்றது என்றால் அந்த அடர்த்தியையும் அது எந்த வெப்பநிலைக்கானது என்பதையும் சேருங்கள். 15 டிகிரி அடர்த்தியை வைத்து 40 டிகிரி பாகுநிலையை வகுப்பது வழக்கமான சின்னத் தப்பு, எண்ணெயில் இரண்டு சதவீதத்துக்குள் அடங்கும். மாற்றிய எண்ணுக்குப் பக்கத்தில் கருவி காட்டிய எண்ணை அடிக்காமல் அப்படியே விடுங்கள். ஆறு மாதம் கழித்து விகிதம் போட்டுப் பார்க்கவேண்டி வந்தால், வகுக்க அது ஒன்றுதான் இருக்கும்.